காசைப் படிப்போம், இடத்தை எழுதுவோம்

(ஓசூரில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரோமானியக் காசுகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "கரூர்க்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் பேச வேண்டியதை ஓசூரில் ஏன் பேச வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

1891இல் பெங்களூரு யஷ்வந்தபுரத்தில் ரயில் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது 163 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1965இல் எச்ஏஎல் விமான நிலையப் பகுதியில் 256 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. இரண்டு குவியல்களிலும் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் இருந்தன. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நம் மாணவர்களின் அப்பாக்களும் அண்ணன்களும் காலையில் பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்பும் தூரம். இன்றைய மாநில எல்லை ரோமாபுரி வெள்ளிக்குத் தெரியாது. இந்த மேட்டுநிலம் முழுவதும் அது வந்து சேர்ந்த நிலம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அறிஞரும் தேடிப்போய் யஷ்வந்தபுரம் குவியலைக் கண்டுபிடிக்கவில்லை. வேறு வேலைக்காக மண் வெட்டியவர்களின் கையில் அது அகப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மண் அதிகம் புரளும் இடங்களில் நம் பகுதியும் ஒன்று. சிப்காட் விரிவாக்கம், சாலை, லேஅவுட், போர்வெல், ஏரி தூர்வாருதல் என்று ஜேசிபி ஓயாமல் ஓடுகிறது. அதை ஓட்டுபவரின் பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. நாளை ஒரு காசு வெளிவந்தால் அதை முதலில் பார்க்கும் படித்த மனிதர் தொல்லியல் அலுவலராக இருக்க மாட்டார். நீங்களாகவோ நானாகவோ இருப்போம்.

அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, காசை ஓரளவு அடையாளம் காண்பது. இரண்டாவது, அது கிடைத்த இடத்தை எழுதி வைப்பது. முதல் வேலையை நாம் செய்யாவிட்டாலும் அருங்காட்சியகத்தில் யாராவது செய்துவிடுவார்கள். இரண்டாவது வேலையை நாம் செய்யாவிட்டால் உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் தராசு

காசு கைக்கு வந்ததும் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் தராசிலிருந்து தொடங்குவோம். இரண்டு தசம இடம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். அறிவியல் ஆய்வகத்தில் இருந்தால் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரோமானிய வெள்ளிக்காசின் பெயர் டெனாரியஸ். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் ஏறத்தாழ 3.8 கிராம் இருக்கும். புழங்கித் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். 2011இல் வெளிவந்த வடிவத்து ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் நம் ரூபாயின் விட்டம் 22 மில்லிமீட்டர், டெனாரியஸின் விட்டம் 18 அல்லது 19 மில்லிமீட்டர்தான். அளவில் சிறியது, தடிமனானது. சுத்தியலால் அடித்துச் செய்த காசு என்பதால் சரியான வட்டமாக இருக்காது. விளிம்பு ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் தடித்தும் இருக்கும். ரூபாய் நாணயத்தில் இருப்பது போன்ற வரிவிளிம்பும் கிடையாது.

தங்கக்காசின் பெயர் ஔரியஸ். அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை ஏறத்தாழ 7.8 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. 25 டெனாரியஸ் சேர்ந்தது ஒரு ஔரியஸ். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் என்ற தங்கக்காசு ஏறத்தாழ 4.5 கிராம், அதாவது அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். ஆகவே தங்கக்காசு என்றால் எடையை வைத்தே அது முற்காலத்ததா பிற்காலத்ததா என்று முதல் ஊகம் செய்யலாம்.

தலையில் என்ன இருக்கிறது?

அடுத்து முன்பக்கம். ரோமானியக் காசில் பேரரசரின் தலை பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே கடினம். அதனால் தலையில் என்ன சூடியிருக்கிறது, தாடி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

இலைகளாலான மாலை தலையைச் சுற்றி, முடிச்சு பிடரியில் தொங்கினால் அது முதல் மூன்று நூற்றாண்டுகளின் காசாக இருக்கலாம். மணிகள் கோத்த பட்டை தலையைச் சுற்றி இருந்தால் பெரும்பாலும் கான்ஸ்டன்டைனும் அவருக்குப் பின் வந்தவர்களும். நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி, தலைக்கவசமும் ஈட்டியுமாக இருந்தால் இன்னும் பிந்தியது. இனி தாடி. 117இல் ஆட்சிக்கு வந்த ஹேட்ரியன் முழுத்தாடி வைத்தார், பின்வந்தவர்கள் பலரும் வைத்தார்கள். அவருக்கு முன்பிருந்தவர்கள் பொதுவாக மழித்த முகத்துடன் இருப்பார்கள். ஆகவே இலைமாலை, மழித்த முகம், 3.8 கிராம் வெள்ளி என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால் தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கிடைக்கும் வகைக்கு அருகில் வந்துவிட்டீர்கள்.

எழுத்தைப் படிக்கும் முறை

காசின் விளிம்பை ஒட்டி எழுத்துகள் ஓடும். மொழி லத்தீன். "எனக்கு லத்தீன் தெரியாதே" என்று கவலைப்பட வேண்டாம். நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான். சில விதிகள் மட்டும் தெரிந்தால் போதும்.

ஒன்று, சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது. இரண்டு, 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். மூன்று, பாதிச் சொற்கள் சுருக்கமாக இருக்கும். நாம் மா.ஆ., வ.க.அ. என்று எழுதுவதில்லையா, அதுபோலத்தான். நான்கு, எழுத்துகள் பெரும்பாலும் கடிகார முள் செல்லும் திசையில் போகும், தொடங்கும் இடம் காசுக்குக் காசு மாறும். எனவே முதல் எழுத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தெளிவாகத் தெரியும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இருபுறமும் நகருங்கள்.

பிடிக்க எளிய சொற்கள் இரண்டு. 'சி ஏ இ எஸ் ஏ ஆர்' என்றால் சீசர். 'ஏ வி ஜி' என்றால் அகஸ்டஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. அகஸ்டஸ் என்பது முதல் பேரரசரின் பெயர் மட்டுமன்று, பின்னால் வந்த எல்லாப் பேரரசர்களும் சூடிக்கொண்ட பட்டமும்கூட. சீசர் என்பதும் அப்படியே. 'ஏ வி ஜி' இருக்கிறது என்பதற்காக "அகஸ்டஸ் காசு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊரில் 'சோழன்' என்று மட்டும் படித்துவிட்டு எந்தச் சோழன் என்று சொல்ல முடியாதல்லவா?

அடுத்த சிக்கல் 'டி ஐ'. இது டைபீரியஸ் என்பதன் சுருக்கம். ஆனால் கிளாடியஸின் முழுப்பெயரும் டைபீரியஸ் கிளாடியஸ்தான். 'டி ஐ'யை அடுத்து நேராக 'சீசர்' வந்தால் டைபீரியஸ். 'சி எல் ஏ வி டி' வந்தால் கிளாடியஸ். இவர்களுக்கு நடுவில் ஆண்டவரை நாம் கலிகுலா என்று படித்திருக்கிறோம். அது அவருடைய பட்டப்பெயர். அந்தப் பெயரைக் காசில் தேடினால் கிடைக்காது. அவருடைய இயற்பெயர் கேயஸ் என்பதால் 'சி' என்ற ஒற்றை எழுத்தும் அதையடுத்து 'சீசர்' என்ற சொல்லும் இருக்கும்.

நான்காம் நூற்றாண்டுக் காசுகளில் தொடக்கமே மாறிவிடும். பெயருக்கு முன் 'டி என்' என்று வரும், 'எங்கள் தலைவர்' என்று பொருள். முடிவில் 'பி எஃப் ஏ வி ஜி' என்று வரும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அது பிற்காலக் காசு என்று சொல்லிவிடலாம்.

இரண்டு பின்பக்கங்களை மனத்தில் பதியுங்கள்

தென்னிந்தியாவில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் இரண்டு வகைகள்தாம் மிகப் பெரும்பான்மை. இந்த இரண்டின் பின்பக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை அகஸ்டஸ் வெளியிட்டது. பின்பக்கத்தில் இரண்டு உருவங்கள் அருகருகே நிற்கும். நடுவில் இரண்டு கேடயங்கள், ஈட்டிகள். மேலே பூசைக்குரிய ஒரு கரண்டியும் வளைந்த கோலும். நிற்பவர்கள் கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு சகோதரர்கள். அகஸ்டஸின் மகள் ஜூலியாவின் பிள்ளைகள். தாத்தாவே அவர்களை மகன்களாகத் தத்தெடுத்துத் தன் வாரிசுகளாக உலகுக்கு அறிவித்தார். கி.மு. 2ஆம் ஆண்டை ஒட்டி இந்தக் காசுகள் வரத் தொடங்கின. இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. ஆனால் கி.பி. 2இல் லூசியஸ் இறந்தார், கி.பி. 4இல் கேயஸ் இறந்தார். இருவருமே இளைஞர்கள். வாரிசு என்று அறிவித்த காசுகள் நம் ஊர் மண்ணுக்குள் போனபோது அந்த வாரிசுகள் உயிரோடு இல்லை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

இரண்டாம் வகை டைபீரியஸுடையது. பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பார். ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. அது அவருடைய தாய் லிவியாவைக் குறிக்கும் என்று பலர் கருதுகிறார்கள். இருபுறமும் 'தலைமைப் பூசாரி' என்ற பட்டம் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். பைபிளில், சீசருக்கு வரி செலுத்தலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன காசு இந்த வகைதான் என்று பொதுவாக நம்பப்படுகிறது.

கோயம்புத்தூர் வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 வெள்ளிக்காசுகளிலும், 1946இல் உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் கிடைத்த ஏறத்தாழ 1,400 வெள்ளிக்காசுகளிலும் இந்த இரண்டு பேரரசர்களின் காசுகளே மிகுதி. ஏன் இவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்?

இங்கே கணக்கு ஆசிரியரையும் துணைக்கு அழைக்கலாம். ரோமானிய ராத்தல் ஏறத்தாழ 327 கிராம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தார்கள். 327ஐ 84ஆல் வகுத்தால் 3.89 கிராம். கி.பி. 64இல் நீரோ அதே ராத்தலில் 96 காசு அடிக்கச் சொன்னார். வகுத்தால் 3.41 கிராம். கூடவே வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். ரோமாபுரிக்குள் அரசர் சொன்னால் அந்தக் காசு செல்லும். மிளகு விற்பவருக்கு அரசர் முகம் எதற்கு? அவர் வெள்ளியை எடைபோட்டு வாங்குகிறவர். நல்ல வெள்ளியான பழைய காசுகளைத்தான் இங்கே விரும்பி வாங்கினார்கள் என்பதே அறிஞர்கள் பலரின் விளக்கம்.

யவனரின் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்தப் பக்கத்தில் மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இழுத்துக்கொள்கிறது என்று வருத்தப்பட்டு எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ். மாணவர்களையே வகுக்கச் சொல்லுங்கள், ஒன்றேகால் கோடி டெனாரியஸ் வரும். வாங்கியவர் தமிழில் பாடுகிறார், கொடுத்தவர் லத்தீனில் புலம்புகிறார். இரண்டுக்கும் சாட்சியாக நடுவில் இந்தக் காசு நிற்கிறது.

வெட்டும் துளையும்

புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியத் தங்கக்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியது போன்ற கோடு இருந்தது. உள்ளேயும் தங்கம்தானா என்று சோதித்த வெட்டு என்று சிலரும், காசாக இனிச் செல்லாது என்று காட்டிய வெட்டு என்று வேறு சிலரும் சொல்கிறார்கள்.

சில காசுகளில் துளை இருக்கும், சிலவற்றில் வளையம் பற்றவைத்திருக்கும். கழுத்தில் கோத்து அணிந்திருக்கிறார்கள். காசுமாலை நமக்குப் புதிதா என்ன? எனவே வெட்டு, துளை, வளையம் இருந்தால் "சேதமான காசு" என்று ஒதுக்காதீர்கள். மற்றதெல்லாம் ரோமாபுரி அக்கசாலை சொல்லும் செய்தி. அந்த வெட்டும் துளையும் மட்டுமே நம் ஊர்க்காரர் அந்தக் காசில் எழுதிய செய்தி.

கரூர்ச் செப்புக்காசுகள்

தங்கமும் வெள்ளியும் மட்டுமே ரோமானியக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் திருக்கோவிலூரிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. இவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. இவை மிகச் சிறியவை. ஒன்று முதல் இரண்டரை கிராம். தேய்ந்து, பச்சை படிந்து, சட்டைப் பொத்தான் போல இருக்கும். பின்பக்கத்தில் கொடிக்கம்பத்தை நடுவில் வைத்து நிற்கும் இரண்டு வீரர்கள், விழுந்த குதிரைவீரனைக் குத்தும் ஒரு வீரன், கைதியை இழுத்துச் செல்லும் சிறகுள்ள வெற்றித்தேவதை போன்ற உருவங்கள் வரும். இரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும் கேயஸும் லூசியஸும் என்று முடிவு செய்ய வேண்டாம். அது வெள்ளி, கேடயம். இது செம்பு, கொடிக்கம்பம். எழுத்து தெரியாத காசில் எடையும் உலோகமுமே உங்களைக் காப்பாற்றும்.

நம் பிள்ளைகள் உண்மையில் கொண்டுவருபவை

"பழைய காசு இருந்தால் கொண்டு வாங்க" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நம் பகுதியில் முதலில் வருவது யானை பொறித்த செப்புக்காசாக இருக்கலாம். அது பெரும்பாலும் மைசூர்க் காசு. 1792 வரை பாராமகால் திப்புவின் ஆட்சியில் இருந்ததல்லவா? அடுத்து விக்டோரியா மகாராணி தலை. வீட்டில் "ரோமாபுரி ராணி" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், ஆங்கிலத்தில் ஆண்டே எழுதியிருக்கும். ரோமானியக் காசில் நம் முறையில் ஆண்டு எண் எழுதப்பட்டிருக்காது.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கரூரில் கிடைத்த, மாக்கோதை என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய சேரர் வெள்ளிக்காசில் ரோமானியக் காசைப் போலவே பக்கவாட்டுத் தலை இருக்கும். ரோமானியக் காசைப் பார்த்த நம் அரசர் தன் தலையையும் அப்படிப் பொறித்துக்கொண்டார். அப்படி ஒன்று கையில் வந்தால் அது டெனாரியஸைவிட அரிது.

ரோமானியக் காசைப் பார்த்து இங்கேயே செய்த போலிகளும் உண்டு. உருவம் சரியாக இருக்கும், எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். செம்பின் மேல் வெள்ளி பூசியவையும் கிடைத்துள்ளன. இவையும் பழங்காலத்தவை, வரலாற்றுச் சான்றுகள். கடைத்தெருவில் விற்கும் இக்காலப் போலி வேறு. அச்சில் உருக்கி ஊற்றியதால் விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு தெரியும், மேற்பரப்பில் குமிழிகள் தெரியும். இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒரே மாதிரி, கீறல் உட்பட ஒரே இடத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். புதையல் கிடைத்தது என்று சொல்லிப் போலிக் காசை விற்கும் மோசடி பற்றிப் பெற்றோரையும் எச்சரிக்கலாம்.

புளி வேண்டாம்

காசு கிடைத்ததும் வீட்டில் நடக்கும் முதல் காரியம் புளி போட்டுத் தேய்ப்பது. இல்லையென்றால் எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி. தயவுசெய்து தடுத்துவிடுங்கள். செப்புக்காசில் எழுத்தும் உருவமும் பல நேரங்களில் அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கின்றன. படலம் போனால் எழுத்தும் போகும். மண்ணோடு அப்படியே காகித உறையில் போடுங்கள். படிக்க வேண்டுமானால் விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தேய்ந்த எழுத்தின் நிழல் விழுந்து தெரியத் தொடங்கும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்து இரண்டு பக்கத்தையும் எடுங்கள்.

இடத்தை எழுதுங்கள்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

1847இல் கேரளத்தில் கண்ணூருக்கு அருகே கோட்டயம் என்ற இடத்தில் மிகப் பெரிய ரோமானியத் தங்கக் குவியல் ஒன்று வெளிப்பட்டது. இது கோட்டயம் நகரம் அன்று, வடகேரளத்துக் கோட்டயம். பெரும்பகுதி பதிவாகும் முன்பே கைமாறி, உருகிப் போனது. ஒரு சிறு பகுதியைத்தான் அறிஞர்களால் பார்க்க முடிந்தது. மொத்தம் எத்தனை, கடைசிக் காசு யாருடையது என்ற கேள்விகளுக்கு இனி விடை கிடையாது.

கடைசிக் காசு ஏன் முக்கியம்? ஒரு பானையில் 163 காசுகள் இருக்கின்றன என்றால், அவற்றில் மிகப் பிந்திய காசுக்கு முன்னால் அந்தப் பானை புதைக்கப்பட்டிருக்க முடியாது. யஷ்வந்தபுரம் குவியலில் கிளாடியஸ் காசுகள் இருப்பதால்தான், அது கி.பி. 41க்கு முன் மண்ணுக்குள் போகவில்லை என்று சொல்ல முடிகிறது. அந்தச் சில காசுகளை மட்டும் யாராவது எடுத்துப் போயிருந்தால், டைபீரியஸ் காலத்துக் குவியல் என்று எழுதி வைத்திருப்போம். ஒரு கைப்பிடி குறைந்தால் வரலாறு பல ஆண்டுகள் நகர்ந்துவிடும். ஆகவே "உனக்கு இரண்டு, எனக்கு மூன்று" என்று பங்கு போடும்போது காசு மட்டும் பிரிவதில்லை, காலமும் சிதறுகிறது.

அடக்க விலைக்குக் கடையில் கொடுத்துவிட்ட காசைப் பற்றி ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்ததாம். வெள்ளிக்கு எவ்வளவு கிடைத்தது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காசில் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஏதோ தலை இருந்துச்சு சார்" என்றார். அது விக்டோரியாவாகவும் இருக்கலாம், டைபீரியஸாகவும் இருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் படித்த பள்ளியில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

காசைப் பார்த்து, லியோனில் அடித்தது என்று லண்டனில் இருப்பவரும் சொல்லிவிடுவார். அது தேன்கனிக்கோட்டைக் கொல்லையில் கிடைத்ததா, சூளகிரி ஏரிக்கரையில் கிடைத்ததா என்று காசைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. எனவே ஒரு துண்டுச்சீட்டில் இவற்றை எழுதுங்கள்: ஊர், நிலத்தின் அடையாளம், எத்தனை அடி ஆழம், என்ன மண், என்றைக்குக் கிடைத்தது, யார் எடுத்தார், மொத்தம் எத்தனை, பானையிலா துணியிலா தனியாகவா. பானை உடைந்திருந்தால் ஓடுகளையும் எடுத்து வையுங்கள். கைபேசியில் இருப்பிடம் பதிவாகும் வகையில் அந்த இடத்தையும் படம் எடுங்கள்.

சட்டம் பயமுறுத்துவதற்கல்ல

"சொன்னால் போலீஸ் வரும், நிலம் போய்விடும்" என்ற பயம்தான் பலரைக் கடைக்கு அனுப்புகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. இது ஒரு பக்கம்.

மறுபக்கத்தைப் பலர் அறிவதில்லை. பொருளுக்கு முந்தைய உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் அதில் பங்கு உண்டு. இருவருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று, நிலத்துக்காரருக்கு நான்கில் ஒன்று. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். கடைக்காரர் அடக்க விலைக்கு மேல் தருவாரா? இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடைமுறையில், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் கொடுத்தால் அது ஆட்சியருக்குச் சென்று சேரும். ஆசிரியர் காசைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆலோசனைக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளின் பெரிய தொகுப்பும் உள்ளது.

வகுப்பறையில் ஒரு பாடவேளை

உண்மைக் காசு இல்லாமலே இதைக் கற்பிக்கலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கேயஸ், லூசியஸ் காசின் படத்தையும் டைபீரியஸ் காசின் படத்தையும் பெரிதாகத் திரையிடுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள். தலையில் என்ன, தாடி உண்டா, பின்னால் எத்தனை பேர், எந்த எழுத்துகள் தெரிகின்றன என்று குழுவாக எழுதச் சொல்லுங்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள்கூட 'சி ஏ இ எஸ் ஏ ஆர்' என்று கூட்டிப் படித்து "சார், சீசர்!" என்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஆவணத்தைத் தானே படித்த மகிழ்ச்சி அது.

பிறகு நம் பை காசுகளை மேசையில் கொட்டி, ஐநூறு ஆண்டுக்குப் பின் ஒருவர் இதைக் கண்டெடுத்தால் நம்மைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்துகொள்வார் என்று கேளுங்கள். எந்தெந்த மொழி, என்ன சின்னம், என்ன உலோகம் என்று பிள்ளைகளே அடுக்குவார்கள். "அது ஓசூரில் கிடைத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்துக் கேளுங்கள். விடை வராது. அந்த இடத்தில் துண்டுச்சீட்டைக் கற்றுக்கொடுங்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. எங்கிருந்தோ வந்து இங்கே வேலை செய்து வாழ்பவர்களின் ஊர். தொலைதூரத்துக் காசு ஒன்று இந்த மண்ணில் கிடைப்பதன் பொருளை நம் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த வாரம் பள்ளியில் ஒரு காகித உறை, ஒரு துண்டுச்சீட்டு, ஓர் அளவுகோல் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். "மண்ணில் எது கிடைத்தாலும் கழுவாதே, பிரிக்காதே, இடத்தை எழுது" என்று அதன் மேல் ஒட்டுங்கள். காசு வராமலே போகலாம். வந்தால் நாம் தயாராக இருப்போம்.